ஒரே அளவும் ஒத்த நீதியும்

எல்லோருக்கும் ஒரே விதியை வகுப்பதே நீதி என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் கோட்பாடும், பரீட்சை மண்டபத்தில் யாவர்க்கும் ஒரே வினாத்தாள் என்னும் வழக்கமும், கடைத்தெருவில் யாவர்க்கும் ஒரே படிக்கல் என்னும் எதிர்பார்ப்பும் இக்கருத்தின் வழிவந்தனவே. நடுவுநிலைமையைக் கூறவந்த வள்ளுவரும் துலாக்கோலையே உவமையாக எடுத்தாண்டார். ஆயினும் இக்கருத்தோடு உடன்வைத்து நோக்கவேண்டிய பிறிதொரு வினாவும் உண்டு. விதி ஒன்றாயிருந்தும், அது சென்று தொழிற்படும் இடங்கள் ஒன்றாயிராதவிடத்து விளைவு ஒன்றாயிருக்குமா? விளைவு வேறாகுமாயின் விதியை இடத்துக்கேற்ப மாற்றுதல் நீதியாகுமா, அன்றி அவ்வாறு மாற்றுவதே நீதிக்கு முரணாகுமா?

இவ்வினா மெய்யியல் நூல்களில் மட்டும் எழுவதன்று. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ உள்ள ஒரு மோட்டார்ப் பட்டறையில், பழைய காரொன்றின் காபுரேற்றரைச் சீர்செய்யும் தொழிலாளியின் முன்னும் இது எழுகின்றது. அவர் அதனைச் சொற்களால் எழுப்புவதில்லை. ஒரு திருகாணியை எந்த அளவு திருப்புவது என்னும் செயலால் எழுப்புகின்றார். செயலாலேயே விடையும் காண்கின்றார். அச்செயலை ஊன்றி நோக்குதல் நீதி பற்றிய சிந்தனைக்குத் துணைபுரியும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டில் பழைய கார்கள் இன்றும் ஓடுவதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பெருமளவிற் பயிரிடத் தொடங்கியபின் மலைச்சாரல்கள் தோட்டங்களாக மாறின. 20ஆம் நூற்றாண்டில் துரைமாரின் பங்களாக்களுக்கு ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் முதலிய பிரித்தானியக் கார்கள் வந்து சேர்ந்தன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. பிரித்தானியத் துரைமார் நாடு திரும்ப, கார்கள் கைமாறின. 1970 முதல் 1977 வரை நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் புதிய கார்கள் மட்டுமன்றி உதிரிப்பாகங்களும் அரிதாயின. பழையதைத் திருத்தியே ஓட்டவேண்டும் என்னும் நிலை அக்காலத்திற் பெருந்திறமையொன்றை வளர்த்தது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொரிஸ் மைனர், தான் பிறந்த நாட்டின் தெருக்களில் அருகிய பின்னரும் இலங்கைத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது இத்திறமையினாலேயே. இன்று அத்தகைய கார்களை விருப்பத்தினாற் புதுக்கி வைத்திருப்போரும் உளர். சித்திரை மாத வசந்தகால விழாவின்போது அவற்றுட் சில கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிவருவதுண்டு.

கார் துரையின் உடைமையாயிருந்தது. ஆனால் அதனைக் கழுவித் துடைத்தும், மலைப்பாதையில் ஓட்டியும், பழுதுற்றபோது திருத்தியும் பேணியோருட் பலர் தோட்டத்துத் தமிழராவர். உடைமை ஏட்டிற் பதியப்பட்டது. பேணியவர் திறமை கையிலிருந்து கைக்கு மட்டுமே சென்றது. இவ்வேறுபாடு இக்கட்டுரையிற் பின்னர் மீண்டும் நினைக்கப்படவேண்டியதாகும்.

இனிக் காபுரேற்றரின் தொழிலை நோக்கலாம். இஞ்சின் உறிஞ்சும் காற்றோடு பெற்றோலை உரிய விகிதத்திற் கலப்பதே அதன் பணி. நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்பது முழுமையான எரிதலுக்கு வேண்டிய விகிதமாகும். பெற்றோல் மிகுமாயின் கலவை செறிந்ததாகும். கரும்புகை எழும், பிளக்கிற் கரி படியும், எண்ணெய் வீணாகும். பெற்றோல் குறையுமாயின் கலவை ஐதாகும். இஞ்சின் இழுவை குன்றும், மிகையாகச் சூடேறும், நாளடைவில் வால்வுகள் கருகும். ஆகவே மிகுதியும் குற்றம், குறைவும் குற்றம்.

பிரித்தானியக் கார்கள் பலவற்றிற் பொருத்தப்பட்டது ‘எஸ்.யூ.’ என்னும் காபுரேற்றராகும். ஸ்கின்னர் என்னும் பெயருடைய சகோதரர் அமைத்த ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கமே அப்பெயர். அவர்களுடைய குடும்பத் தொழில் சப்பாத்து வாணிபம் என்பதை அறிந்தோர்க்கு, அவர்களின் முதற் காபுரேற்றர்களில் தோலாலான துருத்தி அமைந்திருந்தமை வியப்பளிக்காது. பின்னர் தோற்றுருத்தியின் இடத்தை உலோகப் பிஸ்டன் பெற்றது. இஞ்சின் மிகுந்த காற்றை உறிஞ்சும்போது அப்பிஸ்டன் மேலெழும். குறைவாக உறிஞ்சும்போது தாழும். பிஸ்டனின் அடியில் நுனிநோக்கி ஒடுங்கும் ஊசியொன்று தொங்குகின்றது. அவ்வூசி பெற்றோல் வரும் சிறுகுழாயினுள் நிற்றலால், பிஸ்டன் எழுந்தோறும் ஊசியின் மெல்லிய பகுதி துவாரத்துக்கு வந்து, மேலும் பெற்றோலுக்கு வழிவிடுகின்றது. காற்றின் வேண்டுகைக்கேற்ப எண்ணெயை அளந்து தரும் இவ்வமைப்பு, எளிமையினாலேயே சிறந்தது எனலாம். சிறுகுழாயை உயர்த்தவும் தாழ்த்தவும் அடியில் ஆறு முகங்கொண்ட திருகாணியொன்று உண்டு. உயர்த்தினாற் கலவை ஐதாகும், தாழ்த்தினாற் செறியும்.

திருகாணியைத் தொடுவதன் முன் செய்யவேண்டிய பணி பிறிதொன்றுண்டு. அது புதுக்குதலாகும். பல்லாண்டு ஓடிய காபுரேற்றரிற் காற்றுவாயிலைத் திறந்து மூடும் தண்டு தேய்ந்திருக்கும். தேய்ந்த இடைவெளியால் வேண்டாத காற்று உட்புகும். ஊசியின் ஒரு புறம் உராய்ந்திருக்கும். மிதவையின் அடைப்பு முழுமையாக மூடாதிருக்கும். அவசரக்காரர் இவற்றைக் கவனியாது திருகாணியைத் திருப்பி, உட்புகும் காற்றுக்கு ஈடாகப் பெற்றோலை மிகுவிப்பர். இஞ்சின் நின்ற இடத்திற் சீராக ஓடுவதுபோலத் தோன்றும். பாதையில் ஏறியதும் குறை வெளிப்படும். பொறுப்புணர்ந்த தொழிலாளியோ தண்டை மாற்றி, துவாரத்தைக் கடைந்து புஷ் இட்டு, ஊசியையும் துவாரத்தையும் புதியனவாக்கி, அதன் பின்னரே சீர்செய்யத் தொடங்குவார். பிஸ்டனும் அதன் மூடியும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு இடலாகாது. பளபளப்பாக்க எண்ணி அவற்றை அரத்தாள் கொண்டு தேய்த்தால் அப்பொருத்தம் கெடும். அழுக்கு நீக்குவதோடு அமைதலே முறை. பழுதை மறைக்கும் சீர்செய்தல் சீர்செய்தலாகாது என்பது இப்பணி கற்பிக்கும் முதற் பாடமாகும்.

இரண்டாவது பாடம் மலையேற்றத்திற் கிடைக்கின்றது. கொழும்பு கடல்மட்டத்தில் உள்ளது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியமுக்கம் கடல்மட்ட அமுக்கத்தின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கேயாகும். கொழும்பிற் பிழையறச் சீர்செய்யப்பட்ட கார் அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக ஏறி நுவரெலியாவை அடையும்போது, யாரும் தொடாமலேயே அதன் கலவை செறிந்துவிடுகின்றது. இதன் காரணம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. காபுரேற்றர் தன்னூடாகச் செல்லும் காற்றின் பருமனுக்கு ஏற்பத் தொழிற்படுகின்றது. அதன் நிறையை முழுமையாக அறிவதில்லை. எரிதலுக்கு வேண்டியதோ நிறை. மலைக்காற்று பருமனில் ஒத்திருந்தும் நிறையிற் குறைந்தது. ஆகவே திருகாணி அசையாதிருந்தும் விகிதம் அசைந்துவிட்டது. அதனாலன்றோ தயாரிப்பாளரும் ஒவ்வோர் இஞ்சினுக்கும் வழமையான ஊசி, செறிந்த கலவைக்குரிய ஊசி, ஐதான கலவைக்குரிய ஊசி என மூவகையைக் குறித்து வைத்தனர்.

ஈண்டு மூவகை நிலைப்பாடுகள் தோன்ற இடமுண்டு. தொழிற்சாலை குறித்த அளவே அளவு, கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் அது ஒன்றே, மாற்றுதல் முறைகேடு என்பது முதலாவது. இதனை ஒருமைவாதம் எனலாம். இடத்துக்கிடம் அளவு மாறுவதால் நிலையான சரி என ஒன்றில்லை, கொழும்புக்குக் கொழும்பின் சரி, மலைக்கு மலையின் சரி என்பது இரண்டாவது. இது சார்புவாதம். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் ஒரே பிழையை உடையன. திருகாணியின் நிலையையே சரி எனக் கொண்டமையே அப்பிழை. அந்நிலை மாறக்கூடாது என்கிறார் ஒருமைவாதி. அது மாறுவதாற் சரி என ஒன்றில்லை என்கிறார் சார்புவாதி. பட்டறைத் தொழிலாளியின் நிலைப்பாடு இவ்விரண்டிலும் வேறானது. காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம் கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஒன்றே. அது மாறாதிருக்கவேண்டுமாயின் திருகாணி மாறியே ஆகவேண்டும். திருகாணியை மாற்றாதவரே விகிதத்தை மாற்றியவராவர்.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்ரோட்டில் தமது ‘நிக்கொமாக்கிய ஒழுக்கவியல்’ நூலின் 5ஆம் பகுதியில் இதனையொத்த கருத்தொன்றை நிறுவினார். சட்டம் பொதுமையிற் பேசுவது. வாழ்வு தனித்தனி நிகழ்வுகளால் ஆனது. ஆகவே பொதுவிதி பிழைபடும் இடங்கள் தோன்றியே தீரும் என்பது அவர் கருத்து. அவ்விடங்களிற் சட்டத்தைத் திருத்தி நிறைவிக்கும் பண்பை அவர் நீதியிலிருந்து வேறாகக் கொள்ளாது, நீதியின் உயர்ந்த வடிவமாகவே கொண்டார். சட்டத் துறையார் இதனை ஒப்புரவு என்பர். லெஸ்பொஸ் தீவின் கட்டடத் தொழிலாளர் கையாண்ட ஈயத்தாலான அளவுகோலை அவர் உவமையாக்கினார். அக்கோல் கல்லின் வடிவுக்கேற்ப வளைந்து அளந்தது. வளைந்தமையாற் கோல் பொய்க்கவில்லை. வளையாத கோலாயின் அக்கல்லை அளந்திருக்கவே இயலாது.

இவ்வாய்வு கோட்பாட்டளவில் நின்றுவிடின் பயனில்லை. மேற்கூறிய கார்கள் ஓடிய அதே மலைநாட்டில், ஒருமைவாதத்தின் விளைவை மக்கள் தம் வாழ்விற் கண்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழியாற் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என விதித்தது. அச்சட்டத்தின் நோக்கமே மலையக மக்களை விலக்குதல் எனப் பலர் வாதிட்டுள்ளனர். அவ்வாதத்தை ஒருபுறம் வைத்து, சொற்களை மட்டும் நோக்கினும் வினா தீர்வதில்லை. சொல்லளவில் விதி பொதுவானது. ஆனால் தலைமுறையாக ஒரே கிராமத்தில் அயலாரால் அறியப்பட்டு வாழ்ந்தவனிடம் தந்தையின் பிறப்பு வினவப்படுதல் ஒன்று. பிறப்புப் பதிவு பெருவழக்காகாத காலத்தில் லயன் அறையிற் பிறந்து, தோட்டம் விட்டுத் தோட்டம் பெயர்ந்தவனின் மகனிடம் அதுவே வினவப்படுதல் வேறு. விதி பருமனை அளந்தது, நிறையை அளக்கவில்லை. உழைப்பின் நிறையும், நூறாண்டுக்கு மேற்பட்ட வாழ்வின் நிறையும் அதன் ஊசிக்கு எட்டவில்லை.

அதன்பின் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கென விட்டுவைத்தது. 1974இல் அத்தொகையும் இரு நாடுகளுக்குமிடையே செம்பாதியாகப் பகிரப்பட்டது. பங்கீடு என்ற வகையில் அதனினும் துல்லியமான சமத்துவம் வேறில்லை. எனினும் சமமாகப் பகிரப்பட்டவர்கள் மனிதர்கள். ஒரு லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராகும் நிலை அதனால் எழுந்தது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது முதற் சட்டம் இயற்றப்பட்டு 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இங்கு முதற் பாடம் மீண்டும் நினைக்கப்படவேண்டும். தேய்ந்த தண்டை மாற்றாது திருகாணியைத் திருப்புதல் பழுதை மறைத்தலேயாகும். நீண்டகாலம் இழைக்கப்பட்ட அநீதியாற் கல்வியிலும் காணியுரிமையிலும் பின்தங்கிய ஒரு சமூகத்துக்குச் சிற்சில சலுகைகளை மட்டும் வழங்கி, அப்பின்னடைவின் காரணத்தைத் தொடாதிருத்தல் இதனை ஒத்தது. சலுகை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. புதுக்குதல் முன்னும் சீர்செய்தல் பின்னுமாக இரண்டும் வேண்டும் என்பதே பொருள். மேலும், மலையிற் காற்று குறைந்தமையால் இஞ்சின் இழக்கும் வலுவை எந்தத் திருகாணியும் மீட்டுத்தராது. சீர்செய்தல் அக்குறைவோடு கரும்புகை என்னும் மற்றொரு குறையும் சேராது காக்கின்றது, அவ்வளவே. ஒப்புரவின் பயனும் அத்தகையதே. அது கடினமான வாழ்வை எளிதாக்கிவிடுவதில்லை. கடினமான வாழ்வின்மேற் பிழையான விதியொன்று ஏறி அமராது தடுக்கின்றது.

இக்கருத்துக்கு வலிமையான மறுப்பொன்றுண்டு. இடத்துக்கேற்ப விதியை மாற்றலாம் எனின், மாற்றுபவர் தம் விருப்பப்படி மாற்றார் என்பதற்கு உறுதி யாது? உறவினர்க்கு ஒருவகையாகவும் அயலார்க்கு ஒருவகையாகவும் திருகாணி திருப்பப்படும் நாட்டில் இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஒரே விதி குருடாயினும் கையூட்டுப் பெறாது என்பர் ஒருமைவாதிகள்.

இம்மறுப்புக்கான விடையும் பட்டறையிலேயே உண்டு. ‘பாஸ்’ என அழைக்கப்படும் அத்தொழிலாளி திருகாணியைத் தம் விருப்பப்படி திருப்புவதில்லை. இஞ்சின் சூடேறியபின், பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அளவு மெல்ல உயர்த்தி இஞ்சினின் ஓசையைக் கேட்பார். வேகம் மிகுந்து மிகுந்தபடியே நிற்பின் கலவை செறிந்தது. வேகம் தளர்ந்து இஞ்சின் நிற்க முற்படின் கலவை ஐதானது. சற்றே உயர்ந்து பின் தன் நிலைக்குத் திரும்பின் கலவை சரியானது. அதன் பின்னரும் அவர் முடிவுக்கு வருவதில்லை. காரை மலையில் ஓட்டி, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். கருமை மிகுதியையும், வெண்மை குறைவையும், இளம் பழுப்பு நிறம் சரியையும் காட்டும். இச்சோதனைகளை எவரும் செய்து பார்க்கலாம். முடிவு துரையின் காருக்கும் வாடகைக் காருக்கும் ஒன்றே. ஆகவே தன்விருப்புக்கு மாற்று, அசையாத விதியன்று, வெளிப்படையான சோதனையாகும். விதியை மாற்றுபவர், மாற்றத்தின் விளைவைப் பலரறியக் காட்டவும், பிழையாயின் மீளத் திருப்பவும் கடமைப்பட்டவர் என்பதே ஒப்புரவின் காவலாகும்.

எம்.ஜி. போன்ற கார்களில் இரண்டு காபுரேற்றர்கள் இணைந்திருக்கும். அவற்றை ஒத்தியங்கச் செய்தல் இப்பணியின் நுட்பமான பகுதியாகும். இரண்டின் திருகாணிகளையும் எண்ணி ஒரே அளவு திருப்பினால் ஒத்தியங்கும் எனத் தொடக்கநிலையாளர் எண்ணுவர். ஒன்று மற்றதிலும் சற்றுத் தேய்ந்திருத்தல் இயல்பாதலால் அவ்வாறு நிகழ்வதில்லை. தேர்ந்தவரோ இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபுரேற்றரின் வாயிலும் வைத்து, உறிஞ்சப்படும் காற்றின் ஓசை இரண்டிலும் ஒன்றாகும்வரை சீர்செய்வார். அவர் தேடும் சமத்துவம் திருகாணியின் சுற்றில் உள்ளதன்று, மூச்சில் உள்ளது. சமத்துவம் என்னும் சொல்லை வழங்குவோர் எதன் சமத்துவத்தைக் கருதுகின்றனர் என வினவுதல் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

ஆயினும் உவமைக்கும் எல்லையுண்டு. இஞ்சினுக்குத் தன்னைத் தானே சீர்செய்ய இயலாது. சீர்செய்பவர் அதற்குப் புறத்தே நிற்கின்றார். சமூகத்தில் அவ்வாறு புறத்தே நிற்பவர் எவருமிலர். ஒரு மக்கட்கூட்டத்தின் நலத்தைப் பிறரே கேட்டறிந்து பிறரே திருத்துதல், எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், மனிதரைப் பொறியாகக் கருதுதலாய் முடியும். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். குடியுரிமையோடு வாக்குரிமையும் இழந்தபின் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வாய்ப்பு அவர்களுக்கு இல்லாதுபோயிற்று. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் வெற்றிபெறும்வரை, தேர்தல் வழியாக எழக்கூடிய அவர்தம் குரல் அடைபட்டிருந்தது. பொறியைச் சீர்செய்பவர்க்குச் செவி போதும். சமூகத்தைச் சீர்செய்வோர்க்குச் செவி மட்டும் போதாது. மலையில் வாழ்பவர் கையும் திருகாணியின்மேல் இருத்தல் வேண்டும். காரைப் பேணியவர் பெயர் ஏட்டில் இல்லாதிருந்த குறை, இவ்வாறன்றி முழுமையாக நீங்காது.

இறுதியாக ஒன்று கூறத்தக்கது. நுவரெலியாவிற் சரியாகச் சீர்செய்யப்பட்ட கார் கொழும்புக்கு இறங்குமாயின், அடர்ந்த காற்றில் அதன் கலவை ஐதாகி இஞ்சின் சூடேறும். திருகாணி மீளத் திருப்பப்படவேண்டும். மலையின் அளவை எங்கும் நிலைநிறுத்த முயல்பவரும் கொழும்பின் அளவை எங்கும் நிலைநிறுத்த முயன்றவர் செய்த பிழையையே செய்பவராவர். ஒப்புரவு ஒருவர்க்கு நிலையாக அளிக்கப்படும் முன்னுரிமையன்று. இடமும் காலமும் மாறுந்தோறும் மீண்டும் கேட்டு, மீண்டும் சோதித்து, மீண்டும் திருத்தவேண்டிய இடையறாக் கடமையாகும். விதியை ஒருமுறை எழுதிவிட்டு நீதி நிறைவேறிற்று என அமைதியுறுவோர்க்கு இக்கடமை சுமையாகத் தோன்றலாம். பாதை ஏறியும் இறங்கியும் செல்லும் நாட்டில் இச்சுமையின்றி நீதியில்லை.